டாங்கோவின் மறு ஆட்டம்

2001ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பெயர், 'லா ரெவான்ச்சா தெல் டாங்கோ'. அதை உருவாக்கியது 'கோடான் ப்ராஜெக்ட்' என்ற குழு. பிரான்ஸைச் சேர்ந்த ஃபிலிப் கோஹன் சொலால், அர்ஜென்டினாவைச் சேர்ந்த எதுவார்தோ மகரோஃப், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் முல்லர் ஆகிய மூன்று ஆண்கள் 1999இல் சேர்ந்து தொடங்கிய குழு அது. புவனஸ் அயர்ஸ் தெருப்பேச்சில் ஒரு சொல்லின் அசைகளை இடம் மாற்றிப் பேசும் வழக்கம் உண்டு. 'டாங்கோ'வை அப்படித் திருப்பிப் போட்டால் 'கோடான்'.

சொல்லுக்குச் செய்ததை இசைக்கும் செய்தார்கள். அடியில் மின்னணுத் தாளம், ஜமைக்காவின் டப் இசையிலிருந்து வந்த கனத்த பேஸ், நீண்டு தேயும் எதிரொலி. அதன் மேல் பாண்டோனியன், பியானோ, வயலின், கிதார். ராக் உலகத்திலிருந்து ஃபிராங்க் ஸாப்பாவின் 'சுங்காஸ் ரிவெஞ்ச்', ஜாஸ் உலகத்திலிருந்து காத்தோ பார்பியெரியின் 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்', டாங்கோவை நவீனப்படுத்திய ஆஸ்தோர் பியாசோலாவின் 'வுவெல்வோ அல் சுர்' ஆகிய மூன்று பழைய படைப்புகளையும் எடுத்துத் தங்கள் பாணியில் வாசித்தார்கள். காபிக்கடைகள், விளம்பரங்கள், ஹாலிவுட் படங்கள் என்று உலகம் முழுக்க இந்த ஒலி பரவியது. 2004இல் வெளிவந்த 'ஷல் வி டான்ஸ்' படத்தில் ஜெனிஃபர் லோபஸ் இருட்டு அறையில் ஆடும் டாங்கோ நினைவிருக்கிறதா? அதற்கான இசை இந்தத் தட்டில் உள்ள 'சாந்தா மரியா'தான்.

தலைப்பைப் பெரும்பாலும் 'டாங்கோவின் பழிவாங்கல்' என்றே மொழிபெயர்க்கிறார்கள். ஸாப்பாவின் தலைப்போடு அது பொருந்தியும் போகிறது. ஆனால் ஸ்பானிய மொழியில் 'ரெவான்ச்சா'வுக்கு விளையாட்டுக் களத்தில் இன்னொரு பொருள் உண்டு: தோற்றவர் கேட்கும் மறு ஆட்டம்.

டாங்கோ யாரிடம் தோற்றது என்று கேட்டால், ராக் இசையிடம் என்று இசை வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். 1950களுக்குப் பிறகு இளைஞர்கள் டாங்கோவைத் தாத்தாக்களின் இசை என்று ஒதுக்கினார்கள். அதே ராக்கையும் ஜாஸையும் மின்னணு இசையையும் தனக்குள் இழுத்துக்கொண்டு அது திரும்பி வந்தது என்பார்கள். அந்தக் கதை சரியானதுதான். ஆனால் டாங்கோவுக்கு உள்ளேயே தோற்கடிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இந்த இசைத்தட்டைக் கேட்டுப் பார்ப்போம்.

கால்களை விரித்து வாசிக்கும் கருவி

தட்டில் முதலில் நம்மைப் பிடித்து இழுப்பது பாண்டோனியன். நம் ஆர்மோனியத்தைப் போலத் துருத்தியால் மூச்சுவிடும் கருவிதான். ஆனால் தரையில் வைத்து வாசிப்பதில்லை. மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் விரித்துச் சுருக்கி வாசிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் உருவாகி, குடியேறிகளோடு கப்பலேறி, புவனஸ் அயர்ஸில் டாங்கோவின் குரலாகவே ஆகிப்போனது. இந்தத் தட்டில் அதை வாசிப்பவர் நினி ஃப்ளோரெஸ் என்ற ஆண். பாண்டோனியன் என்றாலே ஓர் ஆண் உட்கார்ந்திருக்கும் படம்தான் எல்லோர் மனதிலும் வரும்.

அந்தப் படம் 1921இலேயே ஒருமுறை உடைந்திருக்கிறது. புவனஸ் அயர்ஸின் வில்லா க்ரெஸ்போ பகுதியில் 1900இல் பிறந்த பாக்கித்தா பெர்னார்தோ, பியானோ கற்கப் போன இடத்தில் பாண்டோனியனைக் கேட்டு அதன்மேல் ஆசைகொண்டவர். வீட்டில் எதிர்ப்பு. காரணம் எளிது. துருத்தியை விரிக்க மடி வேண்டும், மடி அகல கால்களை அகற்றி உட்கார வேண்டும். ஒரு பெண் சபையில் அப்படி உட்காருவதா? இரவில், காபிக்கடைகளில், ஆண்கள் நடுவிலா? பாக்கித்தா விடவில்லை. நீளப் பாவாடை அணிந்து வாசித்தார். 21 வயதில் தன் பெயரிலேயே ஒரு குழுவை நடத்தினார். கொரியந்தெஸ் வீதியின் டொமிங்கெஸ் கடையில் அவர் வாசித்தபோது கூட்டம் தெருவை அடைத்ததாகச் சொல்வார்கள். அவர் குழுவில் பியானோ வாசித்த சிறுவன் ஒஸ்வால்தோ புக்லியெஸெ. வயலின் வாசித்தவர் எல்வினோ வர்தாரோ. இருவரும் பின்னாளில் டாங்கோவின் மேதைகள் என்று கொண்டாடப்பட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண்.

1925 ஏப்ரலில், 25 வயது நிறைவதற்குள், நுரையீரல் நோயில் பாக்கித்தா இறந்துபோனார். அவர் இயற்றிய இரண்டு டாங்கோக்களை கார்லோஸ் கார்தெல் பாடிப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் பாக்கித்தா வாசித்த ஒரு பதிவுகூட இல்லை. பதிவுக் கம்பெனிகள் இயங்கிக்கொண்டிருந்த காலம், பதிவுகள் விற்றுக்கொண்டிருந்த ஊர். அந்த ஊரில் தெருவை நிறைத்த ஒரு கலைஞரின் விரல் ஒலி நமக்குக் கிடைக்கவில்லை.

கோடான் ப்ராஜெக்ட் மாதிரியான குழுக்கள் பழைய ஒலிகளை வெட்டி எடுத்து ஒட்டும் கலையில் வாழ்பவை. பதிவாகாத ஒலியை எந்தக் கருவியாலும் வெட்டி எடுக்க முடியாது. பெண்களின் வரலாற்றை எழுதும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் தெரியும்.

பாட்டில் ஒரு பெண், பாட்டுக்குப் பின்னால் ஒரு பெண்

டாங்கோப் பாடல் என்ற வடிவத்துக்கு 1917ஐத் தொடக்கமாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு கார்தெல் பாடிய 'மி நோச்செ திரிஸ்தெ' பாடலில், காதலி விட்டுப்போன அறையில் ஓர் ஆண் புலம்புகிறான். பிறகு வந்த நூற்றுக்கணக்கான பாடல்களில் அதே ஆண், அதே புலம்பல். விட்டுப்போனவள் ஏன் போனாள் என்று பாட்டு கேட்பதில்லை. 1920இல் புகழ்பெற்ற 'மிலோங்கித்தா' இன்னொரு அச்சை வார்த்துக் கொடுத்தது: ஏழைப் பேட்டையில் பிறந்த பெண் பட்டாடைக்கும் வெளிச்சத்துக்கும் மயங்கி இரவு விடுதிக்குப் போய்க் 'கெட்டுப்போகிறாள்'. பட்டாடைக்குக் காசு கொடுத்தவன் பாட்டில் ஓரமாக நின்றுகொள்கிறான்.

இந்தப் பாடல்கள் ஒலித்த அதே நகரத்தில், கிழக்கு ஐரோப்பாவின் வறுமையிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து விபசார விடுதிகளில் அடைக்கும் 'ஸ்வி மிக்தல்' என்ற கும்பல் இயங்கியது. போலந்திலிருந்து வந்த ராகேல் லிபெர்மன் 1929 டிசம்பர் 31 அன்று அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். அந்த ஒரு பெண்ணின் சாட்சியம்தான் கும்பலை நீதிமன்றத்துக்கு இழுத்துக் கலைய வைத்தது. 'கெட்டுப்போன பெண்'ணைப் பற்றி உருகிய டாங்கோக்கள் பல உண்டு. அவளை விற்றவனைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தது பாட்டில்லை, ராகேலின் புகார் மனு.

பெண்கள் பாட்டு எழுதவில்லையா? எழுதினார்கள், வேறு பெயரில். 'மாரியோ காஸ்த்ரோ', 'லூயிஸ் மாரியோ' என்ற ஆண் பெயர்களில் புகழ்பெற்ற டாங்கோக்களை எழுதியவர் மரியா லூயிஸா கார்னெல்லி என்ற பத்திரிகையாளர். பின்னாளில் ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்களத்துக்கே சென்று செய்தி எழுதியவர். அவருக்கும் டாங்கோ உலகில் கையெழுத்திட ஓர் ஆண் பெயர் தேவைப்பட்டது. அவர் எழுதிய 'சே வா லா விதா'வைப் பாடிய அசுசேனா மாய்சானி மேடையில் ஆண் உடை அணிந்து பாடியவர். ஆண் பெயரில் ஒரு பெண் எழுதியதை, ஆண் உடையில் ஒரு பெண் பாடினார். கேட்டவர்கள் கைதட்டினார்கள்.

பியாசோலா 1955இல் தன் குழுவில் மின்கிதாரைச் சேர்த்தபோது டாங்கோவைக் கொல்கிறான் என்று பழைமைவாதிகள் கொதித்தார்கள். அப்படிப்பட்ட புரட்சியாளர் 1968இல் ஒரு டாங்கோ ஓபெரா படைத்தபோது அதன் நாயகி யார் தெரியுமா? 'புவனஸ் அயர்ஸின் மரியா'. புறநகரில் பிறந்து, விபசார விடுதிக்குப் போய், இறந்து, நிழலாக அலையும் பெண். இசை தலைகீழாக மாறியிருந்தது. பெண்ணுக்கு ஒதுக்கிய பாத்திரம் மட்டும் மிலோங்கித்தாவை விட்டு அதிக தூரம் நகரவில்லை. அமெலித்தா பல்தாரின் கரகரத்த குரல்தான் அந்த மரியாவை ஒரு குறியீட்டிலிருந்து மனுஷியாக மீட்டது.

இருபது வருடம் முன்னால் போனவள்

டாங்கோவையும் ஜமைக்கத் தாளத்தையும் மின்னணு ஒலியையும் பாரிஸ் இரவையும் கலந்தது கோடான் ப்ராஜெக்டின் புதுமை என்று பலர் எழுதினார்கள். 1981ஐ அவர்கள் மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு, ஜமைக்காவில் பிறந்த கருப்பினப் பெண் கிரேஸ் ஜோன்ஸ், பியாசோலாவின் 'லிபர்டாங்கோ'வை எடுத்து, ஸ்லை-ராபி இரட்டையரின் ரெகே தாளத்தின்மேல் வைத்து, 'ஐ'வ் சீன் தட் ஃபேஸ் பிஃபோர்' என்று பாடினார். பாரிஸின் இரவுத் தெருவில் தன்னை ஒரு முகம் பின்தொடர்வதாக உணரும் பெண்ணின் பாட்டு அது. அச்சமும் மிடுக்கும் ஒரே குரலில் கேட்கும்.

டாங்கோப் பாட்டில் அதுவரை பெரும்பாலும் ஆண் பார்த்தான், பெண் பார்க்கப்பட்டாள். இங்கே பார்க்கப்படுபவள் திரும்பி நின்று, 'உன் முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்' என்கிறாள். கோடான் குழுவின் திறமையை இது குறைத்துவிடாது. ஆனால் 'முதல்' என்ற சொல்லை யாருக்குக் கொடுக்கிறோம், எவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறோம் என்பதும் ஒரு பெண்ணியக் கேள்விதான்.

எட்டாவது தடம்

தட்டின் எட்டாவது தடம் 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்'. அர்ஜென்டினாவின் சாக்ஸஃபோன் கலைஞர் காத்தோ பார்பியெரி, பெர்னார்தோ பெர்தோலுச்சியின் 1972ஆம் ஆண்டுப் படத்துக்கு அமைத்த இசை. ஏக்கம் வழியும் மெட்டு. கோடான் அதை மெதுவாக்கி, இன்னும் புகைமூட்டமாக்கியிருக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

அந்தப் படத்தில் நடித்தபோது மரியா ஷ்னைடருக்கு வயது 19. எதிரே மார்லன் பிராண்டோ, வயது 47. படத்தில் வரும் வன்புணர்வுக் காட்சியில் வெண்ணெயைப் பயன்படுத்துவது என்பது படப்பிடிப்பு நாளன்று காலையில் இயக்குநரும் பிராண்டோவும் சேர்ந்து எடுத்த முடிவு. மரியாவிடம் சொல்லவில்லை. நடிகையாக இல்லாமல் ஒரு பெண்ணாக அவள் அவமானப்படுவதைப் படம்பிடிக்க விரும்பியதாக 2013இல் பெர்தோலுச்சியே சொன்னார். புணர்ச்சி உண்மையில் நடக்கவில்லை. ஆனால் திரையில் தெரியும் கண்ணீர் உண்மையானது என்று மரியா 2007இல் கூறியிருந்தார். தான் இருவராலும் வன்புணரப்பட்டது போலவே உணர்ந்ததாகவும் சொன்னார். பல ஆண்டுகள் போதைப் பழக்கத்தோடும் மனவேதனையோடும் போராடி, 2011இல் புற்றுநோயில் இறந்தார். அவர் சொன்னபோது கேட்காத உலகம், இயக்குநர் சொன்ன காணொளி 2016இல் பரவலாகப் பகிரப்பட்ட பிறகே அதிர்ச்சி அடைந்தது.

படத்துக்காக இயக்குநரும் நடிகரும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்கள். இசை பார்பியெரியை உலகப் புகழாக்கியது. 2001இல் அந்த மெட்டு ஒரு நவீன இசைத்தட்டில் மறுபிறவி எடுத்தபோது அதனோடு காமமும் ஏக்கமும் பாரிஸும் கூடவே வந்தன. மரியா ஷ்னைடர் வரவில்லை. இசையைத் தடை செய்யச் சொல்லவில்லை. பார்பியெரி அந்தக் காட்சிக்குப் பொறுப்பாளி இல்லை. ஆனால் ஒரு மெட்டை மறுபடி வாசிக்கும்போது அதன் நினைவுகளில் எவற்றை எடுத்துவருகிறோம், எவற்றை விட்டுவருகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பாரிஸின் புகழ்பெற்ற திரைப்பட ஆவணக்காப்பகமான சினமாதெக் 2024 டிசம்பரில் இந்தப் படத்தைத் திரையிட இருந்தது. பெண்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கைவிட்டது. மரியா இல்லாமல் இனி இந்தப் படத்தைப் பேச முடியாது என்ற நிலை உருவாக 52 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

வெள்ளைத் துணி

இந்தத் தட்டைக் குறை சொல்லி மூடிவைத்துவிட முடியாதபடி செய்வது இரண்டாவது தடம், 'எபோகா'. பாடுபவர் பார்சிலோனாவைச் சேர்ந்த கிறிஸ்தினா விலாயோங்கா. இந்தத் தட்டின் பாடும் குரல் பெரும்பாலும் அவருடையது. டென்மார்க்கைச் சேர்ந்த லீனே க்ரூஸின் வயலினும் தட்டு முழுக்க ஓடுகிறது. திட்டமிட்டவர்கள் மூன்று ஆண்கள் என்றாலும் தட்டின் மூச்சில் பாதி இந்த இரண்டு பெண்களுடையது.

'எபோகா' காணாமல் போனவர்களைப் பற்றிய பாட்டு. நேரடியாகச் சொல்லாமல் ஒரு வெள்ளைத் தலைத்துணியைக் காட்டிவிட்டு நகர்கிறது. 'நல்ல காற்று' என்று பொருள்படும் பெயர்கொண்ட அந்த நகரத்தின் காற்று அன்று நல்லதாக இருக்கவில்லை என்று சொல்விளையாட்டாகக் குத்துகிறது. அர்ஜென்டினர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், பத்திரிகையாளர்கள் எனப் பல்லாயிரம் பேர் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. 1977 ஏப்ரல் 30 அன்று 14 தாய்மார்கள் அரசு மாளிகைக்கு எதிரே உள்ள மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்று காவலர்கள் விரட்டினார்கள். நகர்ந்தார்கள், சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி நடந்தார்கள். வாரந்தோறும் வியாழக்கிழமை அந்த நடை தொடர்ந்தது. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் காண, தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிய துணி அணையாடையைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அதுதான் அந்த வெள்ளைத் துணி.

தாய்மார்களை ஒன்று சேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோர் அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று கடத்தப்பட்டார். விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்ட அவருடைய எலும்புகள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. அவர் நடந்த சதுக்கத்திலேயே அவருடைய சாம்பலைப் புதைத்தார்கள். பிள்ளைகள் திரும்பவில்லை, தாய்மார்களின் நடை நிற்கவில்லை.

தட்டின் கடைசிப் பாட்டு 'வுவெல்வோ அல் சுர்', அதாவது 'தெற்குக்குத் திரும்புகிறேன்'. பியாசோலா இசையில் ஃபெர்னாந்தோ சொலானாஸ் 1988இல் தன் படத்துக்காக எழுதியது. சர்வாதிகாரம் முடிந்து சிறையிலிருந்து வீடு திரும்பும் ஓர் ஆணின் கதை. அவன் இல்லாத காலத்தில் மனைவி இன்னொருவரை நேசித்திருக்கிறாள். அதை ஏற்பதா வேண்டாமா என்று அவன் இரவெல்லாம் தெருவில் அலைகிறான். படத்தில் அதைப் பாடியவர் ரொபெர்த்தோ கொயெனெச்செ. இந்தத் தட்டில் அதே பாட்டைப் பெண் குரல் பாடும்போது, வாசலில் காத்திருந்தவளே எழுந்து நடப்பது போல இருக்கிறது. ஒரு சொல்லும் மாறவில்லை, பாடுபவர் மட்டும் மாறியிருக்கிறார்.

மறு ஆட்டம் ஆடியவர்கள்

2001 டிசம்பரில் அர்ஜென்டினாவின் பொருளாதாரம் நொறுங்கியது. பெண்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், நாணயம் வீழ்ந்த அந்த நகரத்துக்கு டாங்கோ கற்க வெளிநாட்டவர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களில் பலர் இது போன்ற தட்டுகள் வழியாக டாங்கோவை அறிந்தவர்கள். நடனக்கூடங்கள் நிறைந்தன, விதிகள் மாறவில்லை. ஆண் தூரத்திலிருந்து கண்ணாலும் தலையசைப்பாலும் அழைப்பான், பெண் உட்கார்ந்து காத்திருப்பாள். ஆண் வழிநடத்துவான், பெண் பின்தொடர்வாள்.

அந்த விதிகளை மாற்றியவர்கள் நடனக்கூடத்தின் உள்ளிருந்தே வந்தார்கள். யார் வேண்டுமானாலும் வழிநடத்தலாம், இருவரும் மாறி மாறி வழிநடத்தலாம் என்ற 'குவியர் டாங்கோ' 2000களில் ஹாம்பர்க்கிலும் புவனஸ் அயர்ஸிலும் வேர்பிடித்தது. 2015 ஜூன் 3 அன்று 'நி உனா மேனோஸ்' (இனி ஒரு பெண்ணையும் இழக்க மாட்டோம்) என்று பெண் கொலைகளுக்கு எதிராகப் பெருங்கூட்டம் திரண்டது. அந்த அலையில், டாங்கோ ஆடும் பெண்கள் இயக்கமாகச் சேர்ந்தார்கள். நடனக்கூடத்தில் அத்துமீறல் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நெறிமுறை எழுதி, அதைப் பின்பற்றும்படி கூடங்களைக் கேட்டார்கள். பெண்ணை அடித்தும் கொன்றும் பெருமைப்பட்ட பழைய பாடல்களை இன்னும் ஒலிபரப்ப வேண்டுமா என்று விவாதித்தார்கள். 2019 நவம்பரில் இசை விழா மேடைகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண் கலைஞர்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. பாக்கித்தா பெர்னார்தோ இறந்து 94 ஆண்டுகள் கழித்து.

அந்த வெள்ளைத் துணியும் ஓய்ந்துவிடவில்லை. 2003இல் ரொசாரியோ நகரில் நடந்த பெண்கள் மாநாட்டில், கருக்கலைப்பு உரிமை கேட்ட பெண்கள் தாய்மார்களின் தலைத்துணியை நினைவில் வைத்து ஒரு துணியைத் தேர்ந்தெடுத்தார்கள், பச்சை நிறத்தில். கழுத்திலும் பையிலும் மணிக்கட்டிலும் அதைக் கட்டிக்கொண்டு 17 ஆண்டுகள் போராடினார்கள். 2020 டிசம்பர் 30 விடியலில் செனட் அந்த உரிமையைச் சட்டமாக்கியது. தெருவில் பச்சை அலை ஆடியது.

'லா ரெவான்ச்சா தெல் டாங்கோ'வைக் கேட்கும்போது தலைப்பை இனி 'பழிவாங்கல்' என்று மொழிபெயர்க்கத் தோன்றவில்லை. பாக்கித்தாவோ கார்னெல்லியோ மரியா ஷ்னைடரோ யாரையும் பழிவாங்கவில்லை; அதற்கான அவகாசம்கூடச் சிலருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தோற்ற இடத்தில், அவர்களுக்குப் பின்னால் வந்த பெண்கள் இன்னொரு ஆட்டம் கேட்டார்கள். கேட்டு நிற்கவுமில்லை, விதிகளையும் மாற்றி எழுதினார்கள். இந்தத் தட்டை ஒலிக்கவிட்டு இரண்டாவது தடத்தைக் கேளுங்கள். அந்த வெள்ளைத் துணியைச் சொல்வது ஒரு பெண் குரல். பிறகு எட்டாவது தடம் வரும். அதில் குரல் இல்லாதவளையும் சேர்த்துக் கேளுங்கள்.